வீரம்மாள், பத்தாயிரம் டன்

கவுஞ்சி ஆண்டிச்சாமியிடம் பதினேழு போர்க்கப்பல்கள் இருக்கின்றன. ஒன்றுகூட இதுவரை தண்ணீரைப் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. அவற்றின் சொந்தக்காரரே இந்த ஐம்பத்திரண்டு வயதில் ஒரே ஒரு தடவைதான் கடலைப் பார்த்திருக்கிறார். திருச்செந்தூரில், அதுவும் மொட்டை போட்டுவிட்டுக் குளிக்கிற அவசரத்தில். கடல் எப்படி இருந்தது என்று கேட்டால், "கூட்டமா இருந்துச்சு" என்பார்.

பூண்டும் கேரட்டும் போடுகிற மேல்மலைச் சம்சாரிக்கு இந்தக் கிறுக்கு எங்கிருந்து பிடித்தது என்று கேட்காதவர்கள் ஊரில் இல்லை. பிடித்தது பழைய பேப்பர் கட்டிலிருந்து. எட்டு வருடத்துக்கு முன்னால், பேரிக்காய்ப் பெட்டிக்குள் விரிப்பதற்காக நாயுடுபுரத்துப் பழைய பேப்பர் கடையில் ஒரு கட்டு வாங்கி வந்தார். பிரித்தால் உள்ளே அட்டை போன தடிப் புத்தகம் ஒன்று. தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் உலகத்தில் மிதந்த போர்க்கப்பல் எல்லாம் அதில் படத்தோடு இருந்தது. நீளம் இவ்வளவு, எடை இவ்வளவு, பீரங்கி இத்தனை என்று கீழே கணக்கு. ஆண்டிச்சாமியின் படிப்பு எட்டாவதோடு சரி. இங்கிலீஷ் கால்வாசி புரிந்தது, எண்கள் முழுசாகப் புரிந்தன. அந்த வருடம் பேரிக்காய் விரிப்பு இல்லாமலே சந்தைக்குப் போய் அடிபட்டது.

முதலில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பார்த்து வரைந்தார். பிறகு பார்க்காமல் வரைந்தார். பார்க்காமல் வரைய ஆரம்பித்தவர் அதோடு நிற்பாரா? இல்லாத கப்பலை வரைய ஆரம்பித்தார். கைபேசி வந்த பிறகுதான், இதே கிறுக்கு இன்னும் முப்பத்துமூன்று பேருக்கு இருக்கிறது என்று தெரிந்தது. அவர்கள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தார்கள். அதில் ஆளுக்கொரு கற்பனை நாடு, நாட்டுக்கொரு கப்பற்படை. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் உள்ள காலத்துக் கப்பலாகத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். குழுவின் காலண்டரில் இப்போது 1927 நடக்கிறது. நமக்கு இரண்டு மாதம் போனால் அவர்களுக்கு அரை வருடம்.

ஆண்டிச்சாமியின் நாட்டுக்கு மேல்மலை நாடு என்று பேர். பள்ளத்தாக்கு முழுவதையும் கடலாக்கிவிட்டார். அந்த வரைபடத்தில் கவுஞ்சி துறைமுகம், பூம்பாறை ஒரு தீவு. கொடைக்கானல் வேறு நாடு. சீசன் நேரத்தில் வண்டிகள் நெரிந்து கவுஞ்சி பஸ்ஸை மறித்துவிடுவதால் அந்த நாட்டோடு உறவு அவ்வளவு சுமுகமாக இல்லை. சின்னக் கப்பல்களுக்கு எல்லாம் அவர் வயலில் விளைந்தவற்றின் பேர்: முள்ளங்கி, பீட்ரூட், முட்டைக்கோஸ். 'பீட்ரூட்' ஒரு தடவை பக்கத்து நாட்டின் ரோந்துக் கப்பலை விரட்டியடித்ததைச் சொல்லச் சொன்னால் அரை நாள் சொல்வார்.

மனைவி வீரம்மாள் இதையெல்லாம் ஒரு நாளும் கேலி செய்ததில்லை. "மத்தவுக வீட்டுல சும்மா கெடக்குற நேரத்துல சீட்டு ஆடுறாக. எங்க வீட்டுல கப்பல் விடுறாக. நட்டமா?" என்று கேட்டுவிட்டுத் தன் சோலியைப் பார்ப்பாள். அதனால்தான் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் முடிந்தபோது, அடுத்து கட்டப்போகும் குரூசர் வகைப் பெரிய போர்க்கப்பலுக்கு அவள் பேரை வைப்பதாக ஆண்டிச்சாமி வாக்குக் கொடுத்தார். நாட்டின் முதல் பெரிய கப்பல். எட்டுப் பீரங்கி, இரண்டு புகைபோக்கி, முப்பத்துமூன்று நாட் வேகம், அதாவது மணிக்கு அத்தனை கடல் மைல். குழுவில் யாரிடமும் அவ்வளவு வேகமான குரூசர் இல்லை. மறுநாள் வீரம்மாள் மகளிர் குழுக் கூட்டத்தில் கடைசியாக எழுந்து, "எம் பேருல கப்பல் வருது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வாட்ஸப் குழுவின் ஆணையர், எல்லாரும் கேட்கிற அழைப்பில், புதுக் கப்பல்களைப் பரிசோதித்து அறிவிப்பதாக ஏற்பாடு. மகளிர் குழு மொத்தமும் கேட்க வருவதாக இருந்தது.

சிக்கல் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது.

அந்தக் காலத்தில் பெரிய நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டிருந்தன: குரூசர் என்றால் பத்தாயிரம் டன்னுக்கு மேல் போகக் கூடாது. குழுவுக்கும் அதே ஒப்பந்தம்தான். ஆனால் அந்தப் பத்தாயிரத்தில், எரிக்கிற எண்ணெயும் கொதிகலனுக்கு வைத்திருக்கும் தண்ணீரும் சேராது. இதை முதல் தடவை படித்தபோது ஆண்டிச்சாமி தொடையில் தட்டிச் சிரித்தார். பூண்டு வெள்ளாமையில் பிறந்து வளர்ந்தவருக்கு இது என்ன புதுசு? தோண்டியெடுத்த பச்சைப் பூண்டை எடை போட்டால், காய்ந்து குறையப்போகிற ஈரத்துக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். ஈரக்கழிவு. வெள்ளைக்காரன் கப்பலுக்கு ஈரக்கழிவு போட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

அதனால் கை தன் பழக்கத்தில் கழித்துவிட்டது. எடைக் கணக்குப் போடக் கைபேசியில் ஒரு படிவம் உண்டு. குழுவில் இருக்கும் கோயம்புத்தூர் இன்ஜினியர் ரம்யா செய்து கொடுத்தது. தகடு, பீரங்கி, இஞ்சின் என்று ஒவ்வொன்றாக இட்டால் கடைசியில் மொத்த எடையைச் சொல்லும். அது சொன்ன எடையில் ஆண்டிச்சாமி அறுநூற்று நாற்பது டன்னை ஈரக்கழிவு போட்டார். மிச்சம் 9,980. அதைத்தான் ஆணையருக்கு எழுதி அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை மூடுபனி இறங்கி வயலில் வேலை ஓடாததால், சும்மா அந்தப் படிவத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தபோது, அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. எண்ணெயும் தண்ணீரும் ஏற்கெனவே கழிக்கப்பட்டுள்ளன.

ஒரே ஈரத்துக்கு இரண்டு தடவை கழிவு. வீரம்மாளின் உண்மையான எடை 10,620.

எடை கூடிய கப்பலை என்ன செய்வார்கள் என்பது ஆண்டிச்சாமிக்குத் தெரியும். ஆணையர் ஜெயமுருகனுக்குப் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. டப்பாவில் பத்து கிராம் குறைந்தாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காத மனிதர். தப்புக் கப்பலின் பேரைப் போட்டு, பக்கத்திலேயே 'உடைக்கப்பட்டது' என்று சிவப்பில் எழுதிக் குழுவில் ஒட்டிவிடுவார். 'வீரம்மாள் – உடைக்கப்பட்டது.' இதை மகளிர் குழு முன்னால் எப்படி வாசிப்பது? வரைபடத்தைத் திருத்தலாம், ஆனால் சனிக்கிழமை இருட்டுவதற்குள் அனுப்பியாக வேண்டும். தவறினால் குழுவின் அடுத்த அரை வருடத்தில்தான்.

பேசாமல் இருந்துவிடவும் செய்யலாம். ஆணையர் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துத் தலையாட்டிவிட்டார். நிஜ உலகத்திலேயே அந்தக் காலத்தில் கையெழுத்துப் போட்ட சிலர் சொன்ன எடையைவிடக் கனமாகத்தான் கட்டினார்கள். ஆனால் ஆண்டிச்சாமிக்கு இது தோதுப்படவில்லை. பூண்டு லாரி வந்தால் ஊரில் பாதிப் பேர், "அண்ணே, தராசுக்கிட்ட வந்து நில்லுங்க" என்று அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் நின்றால் வியாபாரியின் ஆள் மூட்டைக்கு அடியில் முழங்காலை முட்டுக் கொடுத்து எடையைக் குறைக்கமாட்டான். தராசுக்கிட்ட நிற்கிற ஆள் தன் வீட்டு மூட்டைக்கு மட்டும் வேறு எடை சொல்வதா?

சனிக்கிழமை வெள்ளனே எழுந்து களையெடுக்கப் போனார். கொஞ்ச நேரம் கழித்து வீரம்மாள் வந்து பார்த்தால், களை நிற்கிறது, பூண்டு பிடுங்கிக் கிடக்கிறது.

"என்னங்க, ஒடம்புக்குச் சொகமில்லையா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. ஒனக்குத்தான் எடை கூடிப்போச்சு."

வீரம்மாள் தன்னை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள். "வெவரமாச் சொல்லுங்க" என்றாள், கொஞ்சம் கோபமாகவே.

வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஈரக்கழிவு, அறுநூற்று நாற்பது டன், சிவப்பு எழுத்து எல்லாம். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "சும்மா விட்டுட்டா யாருக்கும் தெரியாதும்மா" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே" என்றாள் வீரம்மாள். "எம் பேர வச்சுக்கிட்டுக் கள்ள எடையில மெதக்கணுமாக்கும்? அதுல என்னென்ன கெடக்குன்னு சொல்லுங்க. எடுக்கிறத எடுப்போம்."

"பீரங்கி எட்டு. அதுல ரெண்டைக் கழட்டலாம். ஆனா எதுக்க வர்றவன் பயப்படமாட்டான்."

"அப்புறம்?"

"பக்கவாட்டுல இரும்புத் தகடு. கொறைச்சா குண்டு உள்ள வந்துரும்."

"உள்ள எத்தனை பேரு?"

"அறுநூத்தி எழுவது."

"அதுல கைய வைக்காதீங்க" என்றாள் வீரம்மாள் உடனே. "வேற?"

ஆண்டிச்சாமி களைக்கொத்தியால் மண்ணைக் கீறினார். "இஞ்சின்" என்றார். "கொறைச்சா வேகம் போயிரும். இப்ப முப்பத்திமூணு. அதுதான் இருக்கிறதுலயே வெரசாப் போற கப்பலு."

"அம்புட்டு வெரசா எங்க போகணும்?"

எட்டு வருடம், பதினேழு கப்பல். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, ஆண்டிச்சாமியும் கேட்டுக்கொண்டதில்லை.

"அதைக் கொறைங்க" என்று சொல்லிவிட்டு, பிடுங்கிக் கிடந்த பூண்டைச் சேலை முந்தியில் பொறுக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்குப் பூண்டுக் குழம்பு.

சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து அறுத்தார். எட்டுக் கொதிகலனில் நாலு போயிற்று. நாலு போனதும் இரண்டாவது புகைபோக்கிக்கு வேலை இல்லை. அந்தப் புகைபோக்கியை அழிக்கும்போது ஆண்டிச்சாமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதுக்குப் போயா என்று வெட்கமாகவும் இருந்தது. ஒற்றைப் புகைபோக்கியோடு கப்பல் குட்டையாக, அகலமாக நின்றது. படிவம் 9,940 என்றது. இந்தத் தடவை ஒன்றையும் கழிக்கவில்லை. வேகம் இருபத்தெட்டு. முதலாவதாக வந்திருக்க வேண்டிய கப்பல், குழுவிலேயே மெதுவான குரூசர் ஆகிவிட்டது. வெளிச்சம் இருக்கும்போதே மேட்டுக்கு ஏறிப் போய் அனுப்பினார்.

கவுஞ்சியில் பஸ் நிற்கிற இடத்துக்கு மேலே உள்ள அந்த மேட்டில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அங்கே பதினொரு பெண்கள். மகளிர் குழுத் தலைவி முருகேஸ்வரி வந்ததும் வராததுமாக, "கப்பல் எங்க அண்ணே?" என்றாள். ஆண்டிச்சாமி தாளை விரித்துக் காட்டினார். "வீரம்மா அக்கா மாதிரியே இருக்கு" என்றாள் ஒருத்தி. வீரம்மாள் அவளை முறைத்தாள்.

கைபேசியில் ஆணையரின் குரல் கணீரென்று வந்தது. "மேல்மலை நாடு, குரூசர் வீரம்மாள். வேகம் முப்பத்துமூன்று என்று இருந்தது, திருத்தத்தில் இருபத்தெட்டு என்று இருக்கிறது. காரணம் தெரிவிக்கவும்."

மற்ற நாட்டுக்காரர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இஞ்சினை மாத்தியிருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆண்டிச்சாமி கைபேசியை வாய்க்குக் கிட்டத்தில் பிடித்தார்.

"ஆணையரய்யா, நான் முதல்ல அனுப்புன எடை பொய் எடைங்க. வேணுமுன்னு செய்யல. ஈரக்கழிவை ரெண்டு தடவை கழிச்சுட்டேன். அறுநூத்திச் சொச்சம் டன்னு கூட இருந்துச்சு. தகட்டுல கைய வைக்க வீட்டுல விடல. அதான் இஞ்சினை எடுத்தேன்."

பெண்கள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். வீரம்மாள் மட்டும் நேராக நின்றாள்.

"கூட்டிப் பார்க்கிறேன்" என்றது ஆணையரின் குரல். கடையில் யாரோ அரைக்கிலோ டப்பா விலை கேட்பது இடையில் கேட்டது. ஒரு நிமிடம் கழித்து, "ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. சரியாக இருக்கிறது. வீரம்மாள் ஏற்கப்பட்டது" என்றார்.

மேட்டில் குலவை போட்டார்கள். ஆணையர் பயந்துபோய், "அங்கே என்ன?" என்று கேட்டார்.

அடுத்தது தூத்துக்குடி சந்தோஷ்குமாரின் கப்பல். நிஜத் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், அதனால் குழுவில் கொஞ்சம் மிடுக்காகவே பேசுவார். இன்றைக்கு அவர் குரல் இறங்கியிருந்தது. "ஆணையர் அவர்களே, என் கப்பலை இந்தத் தடவை திரும்ப எடுத்துக்கிறேன். எடையில சின்னத் திருத்தம் இருக்கு."

"எவ்வளவு?"

"எண்ணூறு டன்."

அதற்கடுத்தவருக்கும் ஒரு திருத்தம் இருந்தது. அதற்கடுத்தவருக்கும். கொதிகலனை எழுத மறந்துவிட்டதாக ஒருவர், தகட்டின் கனத்தை மாற்றிப் போட்டதாக ஒருவர் என்று, இந்தத் தடவை புதுக் குரூசர் அனுப்பியிருந்த ஒன்பது நாடுகளும் வரிசையாகக் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டன. கடைசியில் ஆணையர், "என்னுடையதும்" என்றார், மிகவும் மெல்ல.

"என்னங்க, என்ன சொல்றாக?" என்று வீரம்மாள் அவர் கையைப் பிடித்து உலுக்கினாள்.

ஆண்டிச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்புட்டுப் பேரு கப்பலும் எடை கூடத்தானாம். திருத்திக் கொண்டாரணுமாம். அடுத்த அரை வருசம் வரைக்கும் கடல்ல புதுக் குரூசர்னு ஓடுறது நீ ஒருத்திதான்."

வீரம்மாள் எதிரே தெரிந்த பள்ளத்தாக்கை, அவர் வரைபடத்தில் கடலாகிவிட்ட அந்தப் பள்ளத்தாக்கைத் திரும்பிப் பார்த்தாள். மற்ற பெண்களும் திரும்பி அங்கேயே பார்த்தார்கள்.

"அப்படின்னா நெதானமாவே போகட்டுங்க" என்றாள்.