பாம்பூஃப்ளாட் வராத எஞ்சின்

1. எங்கள் தீவில் ரயில் கிடையாது. கராச்சர்மாவில் நானும் கடலுக்கு அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் என் தோழி பாத்திமாவும் பள்ளி நாளிலிருந்தே மரத் தண்டவாளம் செய்து, ஆளுக்கொரு கற்பனை ரயில்வே வைத்திருந்தோம்.
2. அவளுக்கு மெயின்லேண்டில் கல்யாணம் நிச்சயமானதும் இரண்டையும் இணைப்பது என்று முடிவு செய்தோம்.
3. இணைந்த ரயில்வேக்கு நான் ஒரு மர எஞ்சின் வடிவமைத்தேன்.
4. அது அவள் பக்கம் போகவில்லை.

தண்டவாள அகலம் இரண்டு அங்குலம் என்று என்றைக்கோ பேசி வைத்திருந்தோம். நான் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். எங்கிருந்து எதுவரை என்று குறிக்காமல் ஓர் அளவும் எழுத மாட்டேன். அவளிடம் மட்டும் அதைக் கேட்கவில்லை.

அவள் கப்பலேறுவதற்கு முதல் நாள் என் பாதியை ஃபெர்ரியில் கொண்டுபோய் அவள் வீட்டுத் தரையில் பொருத்தினேன். இரண்டும் சேருமிடத்தில் எஞ்சின் சக்கரம் அவள் தண்டவாளங்களுக்கு நடுவே இறங்காமல் மேலே ஏறி நின்றுவிட்டது. நான் உள்விளிம்பில் அளந்திருந்தேன், அவள் வெளிவிளிம்பில்; அவள் பாதை குறுகிவிட்டது.

"ஏன்டி, உன் எஞ்சினுக்குப் பாம்பூஃப்ளாட் பிடிக்கலையா?" என்று சிரித்தாள்.

"ரம்பம் குடு, சரி பண்ணிடறேன்."

"சோடோ, விடுடி. எல்லாத்தையும் மூட்டை கட்டியாச்சு." சொல்லிவிட்டு, எஞ்சினை விரலால் இன்னொரு தரம் தள்ளிப் பார்த்தாள். நான் என் பாதியையும் எஞ்சினையும் திரும்ப எடுத்து வந்தேன்.

போன மாதம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. "ஸ்டேஷன்ல குனிஞ்சு பார்த்தேன், அவர் திட்டினார். சக்கரம் உள்பக்கம்தான் ஒட்டி ஓடுது. உன் அளவுதான் சரி."

எஞ்சின் என் மேஜையில் இருக்கிறது. அவள் பாதி பாம்பூஃப்ளாட்டில் இருக்கிறது.