துப்பாக்கியில் புலி பார்க்க வேண்டிய பக்கம்

நகைகளில் பெயரும் பூவும் வெட்டிக் கொடுப்பதுதான் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் எங்கள் கடையின் வேலை. துப்பாக்கி வேலை வந்தது ஒரே முறை. துப்பாக்கி வரவில்லை, லைசென்ஸ் உள்ள கிடங்கை விட்டு அது வெளியே வராது. நாங்கள்தான் உளிகளோடு ஜூரோங்குக்குப் போனோம்.

சேகரிப்பாளர் ஒருவரின் பழைய இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி. இரண்டு பக்க இரும்புத் தகடுகளிலும் புலி கேட்டிருந்தார். முதலாளி சிக்கந்தர் பாய் வரைந்த படத்துக்கு ஓகேவும் சொல்லிவிட்டார். அந்தத் தகடுகளுக்கு மாற்று கிடையாது. ஒரு கோடு இறங்கினால் இறங்கியதுதான்.

கிடங்குப் பொறுப்பாளர் சேகர் அண்ணன் தகடுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, துப்பாக்கியைப் பெட்டகத்தில் பூட்டினார். பாய் மையால் புலிகளைப் பதித்தார். ஜோடித் தோட்டு மயில்கள் போல இரண்டும் முகம் பார்த்து நின்றன. இடப்பக்கத் தகடு எனக்கு. வைஸ் பிடியில் இறுக்கினேன். தகட்டின் கூர்முனை, சுடுகிறவர் தோளில் வைக்கும் கட்டைப் பக்கம் இருந்ததை அண்ணன் கழற்றும்போது பார்த்திருந்தேன். மனதுக்குள் தகட்டைத் துப்பாக்கியில் மாட்டிப் பார்த்தேன். கை நின்றுவிட்டது.

“பாய், புலி பின்னால பாக்குது.”

“ஜோடின்னா ஒண்ணை ஒண்ணு பாக்கும். வேலையப் பாரு.”

“துப்பாக்கியில ஒருவாட்டி வெச்சுப் பாத்துரலாமே?”

“கஸ்டமரே ஓகே சொன்னதை மாத்த நீ யாருப்பா?”

பாயின் உளி முனை வலப்பக்கத் தகட்டைத் தொட்டிருந்தது. “பாய், வேணாம்!” என்று கத்திவிட்டேன்.

சேகர் அண்ணன் எரிச்சலோடு எழுந்தார். “இப்பதானே பூட்டுனேன் லா. இது என்ன வளையல் கடையா?”

ஆனாலும் திறந்தார். தகடுகளைத் துப்பாக்கியில் பொருத்திப் பிடித்தார். இரண்டு புலிகளும் குழலுக்கு முதுகைக் காட்டி நின்றன.

“சுடுறவன் கன்னத்தையே முறைக்குதே!” என்று சிரித்தவர், சேகரிப்பாளருக்குப் போன் போட்டார்.

“குழல் பக்கம்தாங்க பாக்கணும். பேப்பர்ல எனக்கே தெரியலையே! இன்னும் வெட்டலைல்ல?” என்று மறுமுனையில் சேகரிப்பாளர் பதறினார்.

“வெட்டலை சார்,” என்றார் பாய். தின்னரில் பஞ்சை நனைத்து மையைத் துடைத்தார். ஒரு தேத்தண்ணி குடித்த பிறகுதான் மறுபடி வரைந்தார்.

உளி பிடிக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: மேசையில் அழகாக இருந்தால் போதாது. பொருள் எங்கே உட்காரும், எந்தப் பக்கம் பார்க்கும் என்று கேட்டுவிட்டு வெட்டுங்கள். முதலாளி முறைத்தால் முறைக்கட்டும். மையைத் துடைக்கலாம், வெட்டியதைத் துடைக்க முடியாது.

இப்போதும் ஜோடித் தோடு வந்தால் பாய் என்னைக் காட்டி, கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்வார்: “மயிலு எந்தப் பக்கம் பாக்கணும்னு முதல்ல நம்ம தொரகிட்ட கேட்டுக்கங்கப்பா!”