பெண் பார்க்க வந்தவர்கள் சொன்ன ஆமென்

பட்டாசு ஆலை விபத்தில் அக்காவும் அத்தானும் மறைந்தபின், அவர்களுடைய இரு பிள்ளைகளையும் நானே வளர்த்து வருகிறேன்.

இன்று சாத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தனர்.

மாப்பிள்ளையின் தாயார் கனிவாகவே சொன்னார்: "உன்ன எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு தாயி. பிள்ளைகள மட்டும் ஆஸ்டல்ல சேத்துரு."

மாப்பிள்ளையையும் எனக்குப் பிடித்திருந்தது.

புறப்படுமுன் ஜெபிப்பது எங்கள் வழக்கம். "சின்னவ ஜெபிக்கட்டும்" என்றார் மாப்பிள்ளையின் தாயாரே.

ஆறு வயது எஸ்தர் கண்களை இறுக மூடினாள். "இயேசப்பா, இந்த மாமாவுக்கு வேற நல்ல பொண்ணாக் குடுங்க. எங்க சித்திய எங்களுக்கே விட்டுருங்க. ஆமென்."

பழக்கத்தில் அனைவரும் "ஆமென்" என்றோம். அந்த அம்மையாரின் குரலே ஓங்கி ஒலித்தது.

நான் சொல்லத் தயங்கியதைச் சொல்ல ஒரு குழந்தையைத் தந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!

சொன்ன ஆமெனைத் திரும்பப் பெற இயலுமா என்று அம்மையார் வாசலில் நின்று வினவினார். அறிந்தோர் பதிலிடுக.