வேன் ஃபிரிட்ஜும் நனைந்த சாக்கும்

ஃபிரிட்ஜ் ஓடுகிறதா இல்லையா என்று காது கொடுத்துக் கேட்பதே அந்தப் பங்குனியில் எனக்கு முழுநேர வேலையாக இருந்தது. வீட்டு ஃபிரிட்ஜைச் சொல்லவில்லை. வேனுக்குள் வைக்கிற, பேட்டரியில் ஓடுகிற கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ். டிரங்குப் பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே பாலும் இல்லை, மீனும் இல்லை. சினைமுட்டை வளர்வதற்காக என் வயிற்றில் தினமும் சாயங்காலம் போட வேண்டிய ஊசி மருந்து மட்டும் இருந்தது. இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உறைந்தாலும் போச்சு, சூடானாலும் போச்சு.

அது எங்களுக்கு மூன்றாவது முயற்சி. எனக்கு நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இதுதான் கடைசி என்று நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். என் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் சாப்பிட மாட்டார்.

வேனில் ஏன் குடியிருந்தோம் என்று கேட்பீர்கள். நெல் அறுக்கிற மெஷின் வைத்துப் பிழைக்கிறவர்கள் நாங்கள். அறுப்பு தொடங்கிவிட்டால் கூடலூரிலிருந்து வீரபாண்டி வரைக்கும் மெஷின் வயல் வயலாகப் போகும், பின்னாலேயே எங்கள் வேனும் போகும். வேனின் பின்பக்கம் ஒரு பலகைக் கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, துணி மூட்டை. முன்பெல்லாம் அறுப்பு முடிந்ததும் சின்னமனூரில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். அந்த வீட்டை இந்த வைத்தியத்துக்காக ஒத்திக்கு விட்டுவிட்டதால் வேனே வீடாகிவிட்டது.

போகிற ஊரில் யார் வீட்டு ஃபிரிட்ஜிலாவது மருந்தை வைத்திருக்கலாம்தான். வைத்தால் என்ன மருந்து என்று கேட்பார்கள். அதற்கு அடுத்த கேள்வி எத்தனை பிள்ளைகள் என்பது. அந்தக் கேள்விக்குப் பயந்து கல்யாண வீடுகளுக்கே போவதை நிறுத்தியவள் நான். அதனால்தான் அவர் இந்த வேன் ஃபிரிட்ஜை வாங்கினார்.

வாங்குவதற்கு முன்னால் அவர் படித்த படிப்பைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் கலெக்டராகியிருப்பார். எந்த கம்ப்ரஸர் எவ்வளவு கரண்ட் இழுக்கும், எது குலுங்கினாலும் நிற்காது, எது மேட்டில் சாய்ந்து நின்றாலும் ஓடும் என்று வரப்பில் உட்கார்ந்து போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். வந்த முதல் வாரமே அது எங்களைப் படுத்தியது. பேட்டரி நிறைய சார்ஜ் இருக்கும்போதே பொசுக்கென்று நின்றுவிடும். சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகியிருந்தோம். அந்த வயர் மெல்லிசு, வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடுகிறது, ஃபிரிட்ஜ் பேட்டரி தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது என்று அவரே கண்டுபிடித்தார். தடி வயராக வாங்கிப் பேட்டரியிலிருந்து நேராக இழுத்தார். அதற்குப் பிறகு ஓடியது.

ஆனால் இன்னொரு தொல்லை தீரவே இல்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற வேன் கூரையில் சோலார் பிளேட் மாட்டியிருந்தோம். வேனை மரத்தடியில் நிறுத்தினால் பிளேட்டுக்கு வெயில் கிடைக்காது. வெயிலில் நிறுத்தினால் வேனுக்குள் அனலடிக்கும், ஃபிரிட்ஜ் ஓயாமல் ஓடி ஏறிய சார்ஜை எல்லாம் குடித்துவிடும். நிழலா வெயிலா என்று நானும் அவரும் தினமும் சண்டை போட்டோம். வேனை முன்னே எடுப்பதும் பின்னே எடுப்பதுமாக நாங்கள் பட்ட பாட்டைப் பார்த்துக் களத்தில் நெல் காயப்போடுகிறவர்கள் சிரித்தார்கள்.

ஊசி தொடங்கிப் பாதி முடிந்திருந்த ஒரு சனிக்கிழமை. குச்சனூரில் அறுப்பு. சனீஸ்வரரைப் பார்க்க வந்த கூட்டம் ரோடு நிறைய நின்றது. சாமி மேல் எங்களுக்கு இருந்த மனக்கசப்பில் நாங்கள் கோயில் பக்கமே போகவில்லை. அன்றைக்கு வெயில்தான் ஜெயித்தது. பிளேட்டுக்காக வேனை வெட்டவெளியில் நிறுத்தியிருந்தோம். நான் வாய்க்காலுக்குத் துணி துவைக்கப் போனேன். அந்த நேரத்தில் அவர் மெஷினுக்கு டீசல் எடுக்க வேனுக்கு வந்திருக்கிறார்.

துவைத்த துணியோடு திரும்பி வந்தேன். வேன் அமைதியாக இருந்தது. அந்த உறுமல் இல்லை. கதவைத் திறந்தால் ஃபிரிட்ஜையே காணோம். அது இருந்த இடத்தில் ஈரச் சாக்கு மூட்டை ஒன்று உட்கார்ந்திருந்தது. ஒன்றல்ல, நாலைந்து சாக்குகளைத் தண்ணீரில் முக்கி, இடுக்கு விடாமல் சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

கயிற்றை அறுத்துச் சாக்கை உரித்தேன். காற்று போகிற சல்லடைப் பக்கம் கை வைத்தால் சுட்டது. திரையில் டிகிரி இல்லை; ஏதோ இரண்டு எழுத்து மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து உள்ளே போட்டிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தேன். இருபத்தாறு.

நான் கத்திய கத்தலில் அவர் மெஷினை அப்படியே வயலில் நிறுத்திவிட்டுச் சேற்றுக் காலோடு ஓடி வந்தார்.

"யாரு மாமா சாக்கைச் சுத்துனது?"

"நாந்தேன் புள்ள. தொட்டுப் பாத்தேன், பொட்டி பக்கவாட்டுல கொதிச்சுக் கெடந்துச்சு. மருந்து வெந்துருமேன்னுதான்…"

"அது கொதிக்கத்தான் செய்யும்! உள்ள இருக்க சூட்டை வெளிய தள்ளுற எடம் அது. அங்கன போயி அடைச்சு வச்சிருக்கீக."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "திராட்ச லோடுக்கு இப்பிடித்தான புள்ள போடுவோம்" என்றார்.

மெஷின் வாங்குவதற்கு முன்னால் அவர் ஓடைப்பட்டியிலிருந்து கொச்சிக்குத் திராட்சை ஏற்றிக்கொண்டிருந்தவர். நனைந்த சாக்கைப் போர்த்தி, வழியில் தண்ணீர் தெளித்துத் தெளித்து, ஒரு பழம் வாடாமல் கொண்டுபோய் இறக்குவார். அந்தப் பேரை இன்றைக்கும் மார்க்கெட்டில் சொல்வார்கள். அத்தனை வீடியோ பார்த்த மனுஷன், பெட்டி சுடுகிறது என்று தெரிந்த அந்த நிமிஷத்தில் வீடியோவையெல்லாம் மறந்துவிட்டு, தன் கைக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டார். அக்கறையில்தான் செய்தார். அது தெரிந்தும் அவரை அடிக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

மருந்தை எடுத்துக்கொண்டு கோயில் தெருவுக்கு ஓடினேன். கலர் சோடா விற்கிற கடையில் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் இருந்தது. கடைக்காரம்மா நல்ல மாதிரி. கேட்டதும் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

"என்ன மருந்து ஆத்தா?"

"சுகர் ஊசி."

"இந்த வயசுலயா? எத்தன புள்ளைக?"

"ரெண்டு" என்றேன். சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. மூத்தது என்ன படிக்கிறது என்றும் கேட்டாள். அதற்கும் பதில் சொன்னேன். கறுப்பு வேட்டி கட்டிய கூட்டம் எள் பொட்டலத்தோடு என்னை இடித்துக்கொண்டு போனது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும் போல் இருந்தது. அழவில்லை, ஒரு கலர் வாங்கிக் குடித்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டதும் நர்ஸ் எடுத்தாள். எவ்வளவு நேரம் சூட்டில் இருந்தது என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். கலங்கலாக இருக்கிறதா என்றாள். தெளிவாக இருக்கிறது என்றேன். "அப்ப போடுங்கம்மா. புதுசு வரவழைக்க ரெண்டு நாளாகும், நடுவுல விட்டா இதுவரைக்கும் போட்டதும் வீணாயிரும். வேற என்ன செய்றது" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த "வேற என்ன செய்றது" என் நெஞ்சில் கல்லாக இறங்கியது.

சாக்கை எடுத்து, ஈரம் காய்ந்ததும் ஃபிரிட்ஜ் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அன்று சாயங்காலம் வழக்கம்போல அவர்தான் ஊசி போட வேண்டும். ஊசியைக் கையில் வாங்கினார், திரும்ப என்னிடமே கொடுத்துவிட்டார். நானே போட்டுக்கொண்டேன். அது மருந்தா வெறும் தண்ணீரா என்று தெரியாமல் மிச்ச நாட்களும் போட்டுக்கொண்டேன். அந்த நாட்களில் அவர் ஃபிரிட்ஜைத் தொடவே இல்லை. எட்டி நின்று பார்ப்பார், அவ்வளவுதான்.

மதுரையில் முட்டை எடுத்தார்கள். இரண்டே இரண்டு கிடைத்தது. இரண்டும் கருவாகவில்லை. சொல்வதற்காக டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டபோது நான் மட்டும்தான் போனேன். வேனை எடுக்கச் சொல்லி வாட்ச்மேன் விரட்டியதால் அவர் கீழே போயிருந்தார்.

நான் டாக்டரம்மாவிடம் சாக்கு விஷயத்தைச் சொன்னேன். அதனால்தான் என்று சொல்லிவிடுங்கள் தாயே என்று மனது கெஞ்சியது. அவர்கள் ரத்தப் பரிசோதனைத் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார்கள். "மருந்து நல்லாவே வேலை செஞ்சிருக்கும்மா. உங்க ஃபிரிட்ஜ் மேல தப்பில்ல. முட்டைதான் இல்ல. இனிமே உங்க முட்டையை வச்சு முயற்சி பண்றது வீண்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள்.

கீழே வேனில் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னாக?"

"ரெண்டும் நிக்கல மாமா."

"எனக்குத் தெரியும் புள்ள. அந்தச் சாக்குனாலதான். பாவி, நாந்தேன் கெடுத்துட்டேன்" என்றார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் பக்கம் திரும்பிவிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் குரல் தெளிந்திருந்தது. "அடுத்த தடவ விடமாட்டேன். லித்தியம் பேட்டரி போட்ருவோம். பொட்டியச் சுத்தி ஒரு சாண் எடம் விட்டு, காத்தாடி வச்சு… மருந்து மட்டும் நல்லாருந்திருந்தா இந்நேரம் நமக்கு நின்னுருக்கும் புள்ள."

சாக்கு காரணமில்லை என்று நான் சொன்னால் அவருடைய பழி போய்விடும். கூடவே அடுத்த தடவையும் போய்விடும். இரண்டையும் ஒன்றாகப் பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஆமா மாமா. காத்து போற மாதிரி வைங்க" என்றேன்.

லித்தியம் பேட்டரி வந்துவிட்டது. பெட்டியைச் சுற்றி இடம் விட்டு மரச்சட்டம் அடித்திருக்கிறார். அதனால் என் பாத்திரங்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. உள்ளே ஒன்றுமே இல்லை. இருந்தாலும் நிறுத்தாமல் ஓட விடுகிறார், எல்லா வெயிலையும் பார்த்துப் பழகட்டுமாம். நேற்று மத்தியானம் வயலிலிருந்து வந்தவர் முகம்கூடக் கழுவாமல் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். வெளியே நிற்க முடியவில்லை, உள்ளே நாலு டிகிரி.

"பாத்தியா புள்ள, அசையல" என்றார்.

பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றேன்.