கோபம் என்று குறித்த குரல்கள்

மும்பையில், செம்பூர் ஸ்டேஷனுக்கு அருகே ஒரு மிட்டாய்க் கடையின் மேல்மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. மாலையில் கீழே ஜிலேபி போட ஆரம்பித்துவிட்டால் மேலே யாருக்கும் வேலை ஓடாது. டோம்பிவிலியிலிருந்து லோக்கலில் வந்து, குர்லாவில் இறங்கி ரயில் மாறுவேன். அத்தனை நெரிசலில் இடிபட்டு வந்தும், அந்தக் குறுகலான படியில் ஏறும்போது மனசு லேசாகிவிடும். அப்படியொரு ஆபீஸ் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

நாங்கள் செய்தது ஒரு மென்பொருள். கால் சென்டரில் வேலை செய்பவர்கள் பேசும்போது அது குரலைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பேச்சை எழுத்தாக்கி வைக்கும், பேசுபவரின் மனநிலையையும் சொல்லும். நிதானமாகப் பேசினால் மேனேஜரின் திரையில் பச்சை, கோபமாகப் பேசினால் சிவப்பு. ஜெர்மனியில் ஒரு கம்பெனி அதை வாங்கியிருந்தது. அங்கிருந்து வரும் குரல் துண்டுகளைக் கேட்டு, இது கோபம், இது சலிப்பு என்று குறித்து மென்பொருளுக்குப் பழக்குவதுதான் எனக்கும் பக்கத்து நாற்காலியில் இருந்த என் தோழிக்கும் வேலை. அவள் தாராவியில் பிறந்தவள். வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு. இருவருக்கும் ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது. குரலை மட்டும்தான் கேட்டோம்.

“ஏட்டி, இவளுக்குக் கோவம் இல்ல. பசிக்கு” என்பாள்.

“பசிக்குப் பட்டன் இல்லையே.”

“அப்போ சலிப்புன்னு போடு.”

ஒரு நாள் மதியம், சோதனைக்கு வைத்திருந்த மைக் ஓடிக்கொண்டிருந்ததை மறந்து அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். திரை முழுக்கச் சிவப்பு. எங்கள் முதலாளி எழுந்து வந்தார். மாதுங்காவில் வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்து மனிதர். பெரிய வேலையை விட்டுவிட்டு இந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர்.

“யாரோட இப்படிச் சண்டை போடறே?”

“சண்டையா? சாப்ட்டியாம்மான்னு கேட்டேன், சார்.”

ஆபீஸே சிரித்தது. பிறகு அவர் பேசிப் பார்த்தார். தன் வீட்டு லிஃப்டைப் பழுது பார்க்க வராதவனைப் போனில் வாங்கு வாங்கென்று வாங்கினார். குரல் ஏறவே இல்லை. திரை பச்சையாகவே இருந்தது. அன்றைக்கு அது எங்களுக்கு வெறும் வேடிக்கை.

கொஞ்ச நாளில் ஜெர்மன் கம்பெனியின் வக்கீல் அம்மாள் வீடியோ காலில் வந்தார். வேலை செய்பவர்களின் மனநிலையை இப்படி எந்திரம் வைத்துக் கணிப்பதை ஐரோப்பாவின் புதுச் சட்டம் தடை செய்துவிட்டது, அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள் என்றார்.

“நாம செம்பூர்ல உக்காந்துண்டு பண்றோம். அவா ஊர் சட்டம் நம்மள என்ன பண்ணும்?” என்று முதலாளி தமிழில் எங்களிடம் முணுமுணுத்தார். ஆங்கிலத்தில் அதையே மரியாதையாகக் கேட்டார். எங்கே செய்தாலும், பயன்படுவது இங்கே என்றால் இந்தச் சட்டம்தான் என்று அந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னார். கால் முடிந்த பிறகும் முதலாளி இருட்டிய திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரமே வேறொரு வழி வந்தது. நவி மும்பையில், சான்பாடாவில் ஒரு கால் சென்டர், அதே பகுதியை எங்களுக்குக் கொடுங்கள் என்றது. இந்தியாவில் அப்படியொரு தடை இல்லை. முதலாளியின் முகம் தெளிந்தது. எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். என் வேலை தப்பித்தது என்று எனக்கும் நிம்மதியாக இருந்தது.

தோழி மட்டும் சிரிக்கவில்லை.

“சார், எங்க அண்ணன் அங்கதான் வேல பாக்கான்.”

“நல்லதுதானே?”

“எங்க வீட்ல எல்லாருக்கும் என் தொண்டதான் சார். ஒரே வாரத்துல அவன வெளிய அனுப்பிருவாங்க.”

“பார்க்கலாம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் எழுந்தார். சில நாள் கழித்து சான்பாடாக்காரர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டதாக அறிவித்தார். ஐரோப்பாவுக்கு ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டாக வைத்துக் காப்பாற்ற நம்மிடம் ஆள் இல்லை என்றார். அதுதான் காரணமா, அவளுடைய அண்ணனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கி வந்தாள்.

குறிக்கும் வேலை நின்றது. பழைய குரல்களை அழிக்கும் பொறுப்பு எங்கள் இருவருக்கும் வந்தது. அழிக்கும் முன் சிலவற்றை இன்னொரு முறை கேட்டோம். பேர் தெரியாத, முகம் தெரியாத பெண்கள்; ஆனால் இருமலை வைத்தே எங்களுக்கு அடையாளம் தெரிந்தவர்கள். இருமிக்கொண்டே பேசும் ஒருத்தியை அழிக்கும்போது, “உடம்பப் பாத்துக்கோ” என்றாள் தோழி, ஹெட்போனைக் கழற்றியபடி.

மீதி மென்பொருளை வைத்துக் கம்பெனி பிழைத்துக்கொண்டது. நான் இப்போது அங்கே ஐரோப்பியச் சட்டத்துக்கு வேண்டிய விளக்கங்களை எழுதுகிறேன். ஆபீஸ் திலக் நகரில் ஏசி போட்ட ஒரு கட்டடத்துக்கு மாறிவிட்டது. தோழி வேறு வேலைக்குப் போய்விட்டாள். மாதுங்காவில் எப்போதாவது சேர்ந்து காபி குடிக்கிறோம். பக்கத்து மேஜையில் யாராவது பேசினால், அவர்களுக்கு என்னவாக இருக்கும் என்று இப்போதும் இருவரும் தாழ்ந்த குரலில் சண்டை போடுகிறோம்.