நின்று சாப்பிடும் ஓட்டக்காரர்

எடை மேடையில் லாரி ஏறி நிற்கிறது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எடைமேடைக்காரர் வலது உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுகிறார். கைக்கடிகாரம் கத்திவிட்டதாம். இருபது நிமிடத்துக்கு ஒரு பொட்டலம். சர்க்கரையும் தேனும் துளி உப்பும் போட்டு அவரே காய்ச்சிய பாகு. மூலையைப் பல்லால் கிழித்து உறிஞ்சி முடிக்கும்வரை உலகம் காத்திருக்க வேண்டும்.

"வயித்துக்கும் பயிற்சி வேணும் தம்பி. காலு மட்டும் ஓடினாப் போதுமா?" என்பார் பிறகு, டிரைவரிடம் சீட்டை நீட்டியபடி.

வயது ஐம்பத்தொன்று. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம் என்றால் உயிர். நெடுந்தூரம் ஓடுகிறவனுக்கு மணிக்கு அறுபது கிராம் மாவுச்சத்து உள்ளே போயாக வேண்டும் என்று எங்கோ படித்தார். அன்றிலிருந்து ஓட்டம் இரண்டாம்பட்சமாகிவிட்டது. பந்தயத்துக்கு முந்தைய மூன்று நாளும் சோறு, உருளைக்கிழங்கு, ரொட்டி என்று மாற்றி மாற்றி ஏற்றுவார். லாரி இல்லாத நேரத்தில் தானே மேடையில் ஏறி நிற்பார். பத்துப் பத்துக் கிலோவாகக் காட்டும் இயந்திரம் அது. எப்போதும் எழுபதுதான்.

"ஒண்ணுமே ஏறலையே" என்று கவலைப்பட்டு இன்னொரு தட்டு போட்டுக்கொள்வார்.

மூன்று வருடத்தில் மூன்று பந்தயம். மூன்றிலும், பின்தங்கியவர்களை ஏற்றிக்கொள்ளக் கடைசியில் வரும் வேன் அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தது. மெடல் மாட்ட அவர் கூடத்துச் சுவரில் ஆசையாக அடித்த ஆணியில் குடை தொங்குகிறது.

இத்தனைக்கும் காரணம் ஒன்றே ஒன்று. பந்தயத்திலும் அவர் நின்றுதான் சாப்பிடுவார்.

"பதினேழு தடவை, தடவைக்கு ரெண்டு நிமிஷம்" என்று மனைவி விரல் மடக்குவார். "அரைமணி நேரத்துக்கு மேல நடுரோட்டுல நின்னு தின்னுட்டு, வேன் புடிச்சிருச்சுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி? மத்தவங்கல்லாம் ஓடிக்கிட்டேதானே சாப்பிடுறாங்க?"

"ஓடுற லாரிய எடை போட முடியுமா? நின்னாத்தான் அளவு சரியா இருக்கும். உள்ள போறதும் அப்படித்தான்."

இந்த வருடம் கால் நிஜமாகவே தேறியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு எல்லைக்கோட்டைக் கயிறு கட்டி மூடிவிடுவார்கள். பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அவர் திருப்பத்தில் தெரிந்தார். வேன் வெகு பின்னால். கோட்டருகே மனைவி நின்றிருந்தார். வெயிலே இல்லாத அந்த நாளிலும் கையில் குடை. காலையில் ஆணியைக் காலி பண்ணிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

கோட்டுக்குப் பத்தடி. இன்னும் இரண்டு நிமிடம். கடிகாரம் கத்தியது.

கால்கள் தாமாகவே நின்றன. கை இடுப்புப் பையைத் துழாவியது.

"ஐயோ, பத்தடிதாங்க! இங்க வந்து தின்னுங்க!" மனைவி குடையை ஆட்டி அலறினார். கயிற்றுக்காரர் மணியைப் பார்த்துக்கொண்டே கயிற்றின் முனையை எடுத்தார்.

எடைமேடைக்காரர் பொட்டலத்தின் மூலையைப் பல்லில் கடித்தபடி, கயிற்றுக்காரரை நோக்கி வலது உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார்.