இரண்டு பேருக்கு ஒரே நூறு

கறம்பக்குடியில் பேருந்து நின்றதும் நீலச் சேலை கட்டிய ஒரு பெண்ணின் பின்னால் ஓடுகிறேன். என் ஐம்பது ரூபாய் அவர் பர்ஸில் போய்க்கொண்டிருக்கிறது.

நான் மலேசியாக்காரன். எங்கள் ஈப்போவில் பேருந்தில் ஏறி அட்டையைத் தட்டினால் முடிந்தது. இங்கே அந்த அட்டை செல்லாது. செல்பேசியில் பணம் அனுப்ப உள்ளூர்க் கணக்கும் இல்லை. எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஆளுக்கு ஐம்பது மிச்சம் தர வேண்டிய கண்டக்டர், ஒரே நூறு ரூபாய்த் தாளை அவரிடம் நீட்டி, “ரெண்டு பேரும் எறங்கிப் பிரிச்சுக்கங்க” என்று போய்விட்டார். முன்பின் தெரியாத இருவரை இப்படிக் கூட்டாளியாக்கும் துணிச்சல் எந்த வங்கிக்கும் வராது.

“அக்கா!” என்று கத்துகிறேன்.

அவர் பழக்கடை முன் நின்று திரும்புகிறார். “ஏன் தம்பி இப்புடி ஓடியாரீங்க? சில்லறை மாத்தத்தான் இங்கிட்டு வந்தேன். ஒங்க அம்பது ரூவாய வச்சு நான் மாடி வீடா கட்டப் போறேன்?”

கடைக்காரர் சிரிக்கிறார். ஐம்பது ரூபாயை வாங்கிக்கொள்கிறேன்; முகத்தில் அசடு வழிகிறது.

மாலையில் திரும்பும் பேருந்திலும் கண்டக்டரிடம் சில்லறை இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் கையை நீட்டுமுன் நான் நீட்டி, எங்கள் இருவருக்குமான நூறு ரூபாய்த் தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைக்கிறேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

புதுக்கோட்டையில் இறங்கி நிதானமாக நடக்கிறேன். பின்னால் செருப்புச் சத்தம் விரைகிறது.

“அண்ணே!”

பெட்டிக்கடை முன் நின்று திரும்புகிறேன்.

“ஏன் தம்பி இப்புடி ஓடியாரீங்க? சில்லறை மாத்தத்தான் இங்கிட்டு வந்தேன்.”